மெட்ராஸ் பெயரில் ஒரு நரம்பு நோய்

இயக்க நரம்பணு நோய் என்று டாக்டர் சொன்னதும், கூட வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இன்னும் எத்தனை வருஷம்?" மருத்துவப் புத்தகம் வைத்திருக்கும் பதில் கொடியது. அறிகுறி தெரிந்ததிலிருந்து பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு. நோய் வருவதும் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு. சென்னை பெரியாஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவுக்கோ இந்தக் கணக்கில் அடங்காத சிலர் வந்துகொண்டிருந்தார்கள். மீசை அரும்பும் வயதுப் பையன்கள், அதே வயதுப் பெண்கள். கை இளைத்திருக்கும், கால் தடுக்கும், பேச்சு மூக்கால் வரும். புத்தகம் விதித்த கெடு முடிந்து பல ஆண்டு கழித்தும் அவர்கள் உயிரோடு இருந்தார்கள்.

இந்த வேறுபாட்டை 1970இல் 'நியூராலஜி இந்தியா' இதழில் எழுதியவர்கள் ஈ. மீனாட்சிசுந்தரம், கே. ஜகந்நாதன், பி. ராமமூர்த்தி ஆகிய மூவர். ராமமூர்த்தி 1950இல் அதே மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியவர். அவர் பெயர் பலருக்கும் தெரியும். இந்த நோயை விடாமல் பின்தொடர்ந்தவர் ஜகந்நாதன். 1973இல் வெப்பமண்டல நரம்பியல் பற்றி ஸ்பில்லேன் தொகுத்த நூலில் இளையோரின் இயக்க நரம்பணு நோய் குறித்து எழுதினார். 1987இல் வந்த இன்னொரு தொகுப்பிலும் எழுதினார். உலக நரம்பியல் புத்தகங்களில் இன்றும் இதற்கு 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே பெயர். ஊர் சென்னையாகிவிட்டது, நோய் மட்டும் மெட்ராஸாகவே நிற்கிறது.

நோயின் அடிப்படை புரிய அதிகம் வேண்டாம். மூளையிலிருந்து தண்டுவடம் வரை ஒரு நரம்பணு, தண்டுவடத்திலிருந்து தசை வரை இன்னொன்று. கட்டளை இந்த இரண்டையும் கடந்துதான் விரலை அசைக்கிறது. இரண்டாவது அணு செத்தால், வாய்க்கால் தூர்ந்த கழனிபோல் அந்தத் தசை வற்றிப்போகும். முதலாவது செத்தால் தசை விறைக்கும். இயக்க நரம்பணு நோய்களில் ஒன்றான, 1869இல் பிரான்சில் ஷார்கோ விவரித்த ஏ.எல்.எஸ். நோயில் இரண்டுமே சாகின்றன. ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963இல், 21 வயதில் கண்டறியப்பட்டது இதுதான். அவர் 2018 வரை வாழ்ந்தது பெரிய விதிவிலக்கு.

மெட்ராஸ் நோயாளிகளில் டாக்டர்களை உறுத்தியது வயதும் ஆயுளும் மட்டுமல்ல, காது. இயக்க நரம்பணு நோய் புலன்களைத் தொடாது என்பது மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பாடம். உடம்பு முழுக்க முடங்கினாலும் பார்வையும் கேள்வியும் தொடு உணர்வும் தப்பிக்கும். இங்கே வந்தவர்களில் பலருக்குக் காது மந்தம், சிலருக்கு முழுச் செவிடு. பின்னாளில் கண் நரம்பு வற்றியவர்களும் கண்டறியப்பட்டார்கள். முகத் தசையும் தொண்டைத் தசையும் தளர்ந்து, குடித்த தண்ணீர் மூக்கு வழியே திரும்பும். தளர்ச்சி உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்காது. பாடத்தை நம்பும் டாக்டர் காது மந்தத்தை வேறு வியாதி என்று தனியே எழுதிவிட்டுப் போயிருப்பார். இரண்டையும் ஒரே நோயாகச் சேர்த்துப் பார்த்ததுதான் கண்டுபிடிப்பு. அதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

இந்த ஆய்வை அடுத்துக் கையிலெடுத்தவர் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் எம். கௌரிதேவி. பிற்பாடு அந்த நிறுவனத்துக்கே இயக்குநராக இருந்தவர். 1984இல் அவரும் சகாக்களும் ஒரே ஒரு கை அல்லது ஒரே ஒரு கால் மட்டும் இளைத்துப்போகும் நோயை விவரித்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். சில ஆண்டு இளைக்கும், பிறகு தானாக நின்றுவிடும். ஜப்பானில் ஹிரயாமா 1959இல் கையில் இதே போன்ற ஒன்றைக் கண்டிருந்தார். 1988இல் தென்னிந்தியாவின் மெட்ராஸ் வகை பற்றி கௌரிதேவி எழுதினார். இவற்றைப் பிரித்தறிவதில் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். உன் நோய் கையோடு நிற்கும் என்பதற்கும் தொண்டைக்கு ஏறும் என்பதற்கும் நடுவே ஒரு கல்யாணம், ஒரு வேலை, ஒரு குடும்பத்தின் கடன் எல்லாம் இருக்கிறது.

நிம்ஹான்ஸில் எஸ்.கே. சங்கர் 1995இல் மூளைத் திசு வங்கியைத் தொடங்கினார். இறந்த மெட்ராஸ் நோயாளி ஒருவரின் மூளையையும் தண்டுவடத்தையும் ஆராய்ந்த முடிவுகளை 2000இல் அவர் குழு வெளியிட்டது. தண்டுவடத்தில் இயக்க அணுக்கள் அழிந்திருந்தன. கேட்கும் நரம்பு சேரும் இடத்திலும் அணுக்கள் குறைந்திருந்தன. பெரியாஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளியை நிற்கவைத்துச் சொன்னதை நுண்ணோக்கி வழிமொழிந்தது. சம்மதித்த அந்தக் குடும்பத்துக்கு அறிவியல் கடன்பட்டிருக்கிறது.

நிம்ஹான்ஸின் ஏ. நளினி 2008இல் நூற்றுக்கும் மேற்பட்ட மெட்ராஸ் நோயாளிகளைப் பற்றி எழுதினார். இருபது, முப்பது ஆண்டு கடந்தும் வாழ்பவர்கள் உண்டு. இதற்கிடையே ஒரு நம்பிக்கை முளைத்தது. காது கேளாமையும் தொண்டைத் தளர்ச்சியும் சேர்ந்து வரும் இன்னொரு அபூர்வ நோய் ஐரோப்பாவில் அறியப்பட்டிருந்தது. ரைபோஃபிளேவின் என்ற பி-2 வைட்டமினை உடலுக்குள் கடத்தும் புரதத்துக்கான மரபணுவில் வரும் பழுதே அதற்குக் காரணம் என்று 2010இல் தெரியவந்தது. அந்த வைட்டமினையே அதிக அளவில் கொடுத்தால் பல குழந்தைகள் தேறுகிறார்கள். நரம்பு நோயில் இப்படி ஒரு மாத்திரையில் வேலை நடப்பது அரிது. மெட்ராஸ் நோயும் அதுவாகவே இருந்துவிட்டால்? நளினியும் லண்டன் ஆய்வாளர்களும் மரபணுவைச் சோதித்து 2013இல் முடிவைச் சொன்னார்கள்: இல்லை, இது வேறு. ஏமாற்றமான பதில்தான், ஆனாலும் தேவையான பதில். மெட்ராஸ் நோயின் காரணம் இன்றும் பிடிபடவில்லை. சொந்தத்தில் மணம் முடித்த சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டோருக்கு வந்திருக்கிறது; பெரும்பாலோருக்கு வீட்டில் வேறு யாருக்கும் இல்லை.

சென்னைக்கு வெளியே, உத்திரமேரூர் போன்ற வட்டாரத்தில் இப்படி ஒரு பையனுக்குக் கால் சூம்பினால் ஊர் சொல்வது பெரும்பாலும் 'போலியோ'. காது மந்தத்துக்குத் தனி வைத்தியம், தனிச் செலவு. இரண்டையும் ஒரே டாக்டரிடம் சொல்ல வாய்ப்பே வருவதில்லை. உத்திரமேரூருக்கு வடக்கே, பாலாற்றங்கரைத் திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனை, மருத்துவருக்கும் அறுவை செய்பவருக்கும் எவ்வளவு நெல், என்னென்ன மருந்து இருப்பில் இருக்கவேண்டும் என்பது வரை விரிவாக வெட்டியிருக்கிறார்கள். படுத்திருந்தவர்களுக்கு என்ன நோய் என்று மட்டும் இல்லை. கோயில் கல்வெட்டில் அதைத் தேடுவது நியாயமில்லைதான். ஆனால் நம் காலத்து ஓ.பி. சீட்டும் அதைவிட அதிகம் சொல்வதில்லையே என்ற எரிச்சலில் சொல்கிறேன்.

சீட்டில் எழுதாத நோயை எண்ணவும் முடியாது. நோயாளிகளை எண்ணிப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு பெங்களூரு உதாரணம். கௌரிதேவி குழு 1990களில் நகரத்திலும் கிராமத்திலும் வீடு வீடாகச் சென்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை விசாரித்தது. நரம்பு நோய் உள்ளவர்கள் நகரத்தில் லட்சத்துக்கு 2,190, கிராமத்தில் 4,070. நரம்பியல் நிபுணர்கள் இருப்பதோ நகரத்தில்.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்ற பயத்துக்கும் காரணம் உண்டு. பசிபிக்கின் குவாம் தீவில் இயக்க நரம்பணு நோய் உலகின் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. சைகஸ் மரத்தின் விதை மாவு, மண்ணின் தாது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சில பத்தாண்டுகளில் நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. காரணம் இன்னும் தீர்க்கமாகத் தெரியாது. அங்கே எண்ணியதால் குறைந்ததாவது தெரிந்தது; மெட்ராஸ் நோய் கூடுகிறதா, குறைகிறதா என்று சொல்ல மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு மட்டும் போதாது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு வாசலுக்கு வருகிறது. முடங்கியவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு. கை கால் இளைத்தவரைப் பார்க்கும்போது அந்தத் திட்டத்தின் பணியாளர் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டு எழுதிவரலாம்: காது எந்த வயதில் மந்தமானது? தண்ணீர் குடித்தால் மூக்கில் ஏறுகிறதா?