பாபி ஓர்: பின்வரிசையிலிருந்து பாய்ந்தவர்

1970 மே 10. பாஸ்டனில் ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம். கூடுதல் நேரத்தில் 40 விநாடிகள். சக வீரர் டெரெக் சாண்டர்சன் தந்த பக்கை (ரப்பர் வட்டை), செயின்ட் லூயிஸ் கோல்கீப்பர் கிளென் ஹாலைத் தாண்டி வலைக்குள் தள்ளினார் பாபி ஓர். அதே வேகத்தில் எதிரணி வீரர் நோயல் பிக்கார்ட் அவர் காலை வாரிவிட்டார். கைகளை விரித்தபடி அந்தரத்தில் மிதந்த அந்த நொடியைப் புகைப்படக் கலைஞர் ரே லூசியர் படம்பிடித்தார். உங்கள் முன் நிற்கும் வெண்கலச் சிலை காட்டுவதும் அதையே. அவரது பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்கு 29 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த கோப்பை அது.

ஒன்ராறியோவின் பாரி சவுண்ட் ஊரில் 1948இல் பிறந்தவர் ஓர். 18 வயதில் பாஸ்டனுக்கு ஆட வந்தார். சாக்ஸ் அணியாமல் வெறுங்காலில் ஸ்கேட்டை மாட்டிக்கொள்வார். தற்காப்பு வீரர் தம் கோல் பக்கமே நின்று எதிரியைத் தடுத்தால் போதும் என்றிருந்த காலம் அது. தற்காப்பு வீரரான ஓரோ பக்கைத் தாமே எடுத்துக்கொண்டு மைதானம் முழுவதும் பறந்தார். ஆட்டத்தையே மாற்றிய துணிச்சல் இது. 1970–71இல் மட்டும் 139 புள்ளிகள். சிறந்த தற்காப்பு வீரருக்கான நாரிஸ் விருது தொடர்ந்து எட்டு முறை.

இடது முழங்கால்தான் கைவிட்டது. அறுவைச் சிகிச்சைகள் தொடர்ந்தன. 1976இல் சிகாகோ அணிக்குப் போனவரால் அங்கே 26 ஆட்டங்களே ஆட முடிந்தது. 1978இல், முப்பது வயதில், ஓய்வு பெற்றார்.

என்ஹெச்எல் எனும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகில் ஒரு பருவத்தின் அதிகப் புள்ளிகளை இருமுறை எடுத்தவர் ஓர். வேறெந்தத் தற்காப்பு வீரரும் அதை ஒருமுறைகூடச் செய்ததில்லை.