வெள்ளையடிக்கும் கை யாருடையது?

2016 மார்ச்சில் இத்தாலியின் பொலோன்யா நகரத்தில், தான் இருபது வருஷமாய் வரைந்திருந்த சுவர்ச் சித்திரங்களை எல்லாம் சாம்பல் பூசி அழித்தார் ஓவியர் ப்ளூ. புனைபெயர்தான், முகம் காட்டாதவர். செயல்பாட்டாளர்கள் கூடவே நின்று பெயின்ட் அடித்தார்கள். பைத்தியக்காரத்தனமா? இல்லை. அங்கே தெருக்கலைக் கண்காட்சி ஒன்று திறக்கவிருந்தது. அதற்காக அவருடைய சித்திரங்கள் சிலவற்றையும் கேட்காமலே சுவரிலிருந்து பெயர்த்தெடுத்திருந்தார்கள். 'பாதுகாக்கிறோம்' என்றார்கள். உள்ளே போய்ப் பார்க்க டிக்கெட்!

அழிப்பு அவருக்குப் புதிதல்ல. 2010இல் லாஸ் ஏஞ்சலஸ் சமகாலக் கலை அருங்காட்சியகம் கூப்பிட்டு வரையச் சொன்னது. டாலர் நோட்டு போர்த்திய சவப்பெட்டிகளை வரைந்தார். பக்கத்தில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையும் போர் நினைவுச்சின்னமும் இருக்கின்றன என்று சொல்லி அருங்காட்சியகமே வெள்ளையடித்துவிட்டது. 2014இல் பெர்லினின் க்ராய்ட்ஸ்பெர்க்கில் நடந்தது வேறு. காலிமனையில் குடிசை போட்டிருந்தவர்களைத் துரத்தியாயிற்று. மனையில் கட்டடம் எழும்பப் போகிறது. சித்திரம் மட்டும் வீட்டு வியாபாரிக்கு விளம்பரமாய் நிற்கணுமா? ப்ளூவின் சம்மதத்தோடு நண்பர்கள் கறுப்படித்தார்கள்.

ஆக, அழிப்பு என்பதை மொத்தமாகத் தணிக்கை என்று சொல்லிவிட முடியாது. தணிக்கைக்கும் மறுப்புக்கும் பூச்சு ஒன்றுதான், யார் கை என்பதில்தான் அரசியல். ஆனாலும் ஒரு உறுத்தல் எனக்குண்டு. தினமும் அந்தச் சித்திரங்களைக் கடந்து வேலைக்குப் போனவர்களுக்கும் அதில் பாத்தியதை இல்லையா? ப்ளூவின் முடிவில் அவர்கள் எங்கே? பொலோன்யா கண்காட்சி எப்படியும் திறந்தது. பெயர்த்த துண்டுகள் உள்ளே, சாம்பல் சுவர்கள் தெருவில்.