மேஜை ரம்பத்தைச் செவ்வையாக அமைக்கும் முறை

தச்சுக்கூடம் நடத்திவரும் ஐக்கிய சங்கங்களில், மேஜை ரம்பம் வந்துவிட்டால் வேலை தானே சுத்தமாகிவிடும் என்று எண்ணுவோர் பலர். யந்திரம் அறுக்குமேயன்றி அளக்காது. குறுக்கறுப்பில் கால் பாகை பிசகினால், 2 அடி அகலமுள்ள பலகையில் அப்பிசகு ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டராகிவிடும். அப்பலகைகளைக் கூட்டிய அலமாரியின் கதவு மூடாது, மூடினால் திறவாது. மரமும் கூலியும் சங்கத்துக்கே நஷ்டம்.

மேஜையின்மேல் முன்பின்னாக ஓடும் காடியே சகல அளவுகளுக்கும் ஆதாரம் என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்துவாராக. முதலில் ரம்பத்தை அக்காடிக்கு இணையாக்கவேண்டும், மற்றவை பின்னரே. இவ்வொழுங்கு மாறினால் செய்த வேலையை மறுபடி செய்ய நேரிடும்.

விசையை நிறுத்தினால் மட்டும் போதாது. மின்சாரச் செருகியையே பிடுங்கிவிடவேண்டும். பிறகு ரம்பத்தை முழு உயரத்துக்கு ஏற்றி, ஒரு பல்லில் மையால் குறியிட்டு, அதை முன்பக்கம் கொணர்ந்து, காடியிலிருந்து அதன் தூரத்தை அளக்கவும். அதே பல்லைப் பின்பக்கம் சுழற்றி மீண்டும் அளக்கவும். வேறொரு பல்லை அளந்தால், தகட்டின் நெளிவும் அளவிற் சேர்ந்துவிடும். இரண்டு அளவுகளும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குமேல் வேறுபட்டால், யந்திரத்தின் அமைப்புக்கேற்ப மேஜையையோ ரம்பத் தாங்கியையோ பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தித் திருத்தவேண்டும்.

அடுத்தது பென்ஸ் என வழங்கும் ஓரக்கட்டை. இதுவும் காடிக்கு இணையாயிருத்தல் அவசியம். இதன் பின்முனை ரம்பத்தை நோக்கிச் சாய்ந்திருந்தால், பலகை இடையில் நெருக்குண்டு, மேலெழும்பும் பின்பற்களால் தூக்கப்பட்டு, அறுப்பவர் மீதே வீசப்படும். நிமிஷத்துக்கு 4,000 முறை சுழலும் 10 அங்குல ரம்பத்தின் பற்கள் விநாடிக்கு ஏறக்குறைய 175 அடி செல்கின்றன. அடி எவ்வளவு கடுமையாயிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ரம்பத்தின் பின்னே நிற்கும் பிளவுத் தகட்டை இடைஞ்சல் என்று கழற்றி மூலையில் எறிந்திருப்பதைச் சில கூடங்களிற் கண்டிருக்கிறேன். அது அறுப்பின் பிளவு மூடாதபடி காக்கும் தகடு; இருந்த இடத்தில் இருக்கட்டும்.

ரம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டத்தைப் பல்லிற் படாமல் தகட்டிற் சார்த்திப் பார்க்கவேண்டும். மூலைமட்டமும் பொய் சொல்வதுண்டு. ஆகையால் நேரான ஓரத்தில் அதை வைத்து ஒரு கோடு கிழித்து, புரட்டிவைத்து, அதே இடத்தில் மறுகோடு கிழித்து முன்னதாகவே பரீக்ஷித்துக்கொள்க.

குறுக்கறுப்புக்குக் காடியில் ஓடும் மைட்டர் கேஜைப் பரீக்ஷிக்கச் சிறந்த வழி ஐந்து அறுப்பு முறை. சுமார் 400 மில்லிமீட்டர் சதுரமான ஒட்டுப்பலகையில் ஓர் ஓரத்தை அறுத்து, அவ்வோரத்தைக் கேஜிற் சார்த்தி அடுத்ததை அறுக்கவும். ஒரே திசையில் திருப்பி நான்கு ஓரங்களையும் முடித்தபின், ஐந்தாவதாக முதல் ஓரத்திலேயே ஓரங்குலக் கீற்றொன்றை அறுத்தெடுக்கவும். அதன் இரு முனைகளின் அகலமும் 0.8 மில்லிமீட்டர் வேறுபட்டால், அதை 4ஆல் வகுக்க, ஓர் அறுப்பின் பிழை 0.2 என்று வரும். கண்ணுக்குத் தெரியாத பிழையை இம்முறை நான்கு மடங்காக்கிக் காட்டுகிறது.

ஒரே நீளமுள்ள துண்டுகள் வேண்டுமென்று கேஜையும் ஓரக்கட்டையையும் சேர்த்து உபயோகிப்பது அபாயம். அறுந்த துண்டு இடையில் சிக்கிக்கொள்ளும். ரம்பத்துக்கு முன்னதாகவே முடிந்துவிடும் சிறு தடைக்கட்டை வைத்துக்கொள்வதே முறை.

8 அடிக்கு 4 அடியான 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். அதை ஒருவரே தள்ளினால் பலகை ஓரக்கட்டையை விட்டு விலகும். மேஜைக்குப் பின்னே, அதைவிட இம்மியளவு தாழ்ந்த தாங்கு மேஜை ஒன்று வேண்டும். அல்லது கை வட்ட ரம்பத்தால் அளவுக்குச் சற்று அதிகமாகப் பகுத்துக்கொண்டு, முடிவான அறுப்பை மட்டும் இங்கே செய்யலாம். சிறிய சங்கங்களுக்கு இதுவே உசிதம். பலகையின் நீண்ட ஓரமே ஓரக்கட்டையிற் படவேண்டும். குறுகிய ஓரத்தைச் சார்த்தினால் பலகை திருகிக்கொள்ளும்.

மேற்படலம் பெயராமலிருக்க 60 முதல் 80 பற்களுள்ள ரம்பம் தகும். மேஜை ரம்பத்தின் பற்கள் மேலிருந்து கீழ்நோக்கி அறுப்பதால், நல்ல முகத்தை மேலே வைக்கவேண்டும். கை வட்ட ரம்பத்தில் பற்கள் கீழிருந்து மேலே ஏறுகின்றமையால், அங்கே நல்ல முகம் கீழே இருக்கவேண்டும்.