ஓட்டைக் காலணா

1943இல் வந்த ஓட்டைக் காலணா ஏறக்குறைய 2 கிராம்தான். அதற்கு முந்தைய ஆண்டு வரை அச்சான காலணாவோ 4.86 கிராம். மதிப்பில் மாற்றமில்லை, இரண்டுமே ரூபாயில் 64இல் ஒரு பங்கு. குறைந்த உலோகத்தை இரண்டாம் உலகப்போர் தின்றது.

பழைய காலணா வெண்கலக் காசு, அதில் 95 சதவீதம் செம்பு. துப்பாக்கித் தோட்டாவின் உறை பித்தளை, அதிலும் 70 சதவீதம் செம்பு. ஒரே உலோகத்தைக் கடைத்தெருவும் கேட்டது, போர்க்களமும் கேட்டது. போதாததற்கு மக்கள் காசைப் பதுக்க, சில்லறைத் தட்டுப்பாடு முற்றியது. அன்றாடக் கூலியில் பிழைக்கும் சென்னை ராயபுரம் போன்ற துறைமுகப் பகுதிக்குச் சில்லறை இல்லாமல் எப்படி ஓடும்? பக்கத்திலேயே தங்கசாலைத் தெரு இருந்தது. ஆனால் அங்கிருந்த நாணயச்சாலை 1869இலேயே மூடப்பட்டுவிட்டது. காசு பம்பாய், கல்கத்தாவிலிருந்து வரவேண்டியிருந்தது. 1943இல் லாகூரிலும் நாணயம் அடிக்கத் தொடங்கினார்கள்.

நடுவில் துளையிட்டதுதான் கெட்டிக்காரத்தனம். 2 கிராமில் ஓட்டையில்லாத காசு அடித்தால் பொடிக்காசாகிவிடும், விரலுக்குப் பிடிபடாது. துளை இருந்ததால் 21 மில்லிமீட்டர் அகலம் கிடைத்தது. இருட்டிலும் தடவிப் பார்த்தே இது காலணா என்று சொல்லிவிடலாம். வெட்டியெடுத்த வட்டத்தகட்டை மறுபடி உருக்கலாம். அரசர் முகத்துக்குத்தான் இடமில்லாமல் போயிற்று. துளைக்கு மேலே கிரீடம் மட்டும் மிஞ்சியது, மறுபக்கம் மலர்வளையம். மக்கள் நூலில் கோத்து வைத்தார்கள், வாஷராகவும் மாட்டினார்கள்.

போர்க்காலத்தில் வெண்கலக் காசு இளைப்பது பழைய வழக்கம். ஹானிபாலுடன் போரிட்ட ரோம், முன்பு 300 கிராமுக்கு மேல் இருந்த தன் 'ஆஸ்' காசைச் சுமார் கி.மு. 211க்குள் 54 கிராம் அளவுக்குக் குறைத்துவிட்டது. ஓட்டைக் காலணா எனக்கு ஒரு வகையில் நேர்மையான காசாகத் தெரிகிறது: எதைக் குறைத்தார்கள் என்பது வாங்குகிறவர் கண்ணுக்கு நேராகவே தெரிந்தது.

1947 வரை இது அச்சானது. 1950இல் குடியரசு வெளியிட்ட குதிரை பொறித்த காசில் ஓட்டை இல்லை.