பனி மணலாகும் நேரம்

உங்கள் வீட்டு ஃப்ரீசரிலிருந்து ஓர் ஐஸ் கட்டியை எடுத்து, உடனே விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். விரல் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். (நாக்கால் சோதித்துப் பார்க்க வேண்டாம். தோல் உரிந்துவிடும்.) அதே கட்டியை ஒரு தட்டில் மூன்று நிமிடம் வைத்துவிட்டு மறுபடியும் தொடுங்கள். இப்போது விரல் வழுக்கிக்கொண்டு ஓடும்.

ஒரே ஐஸ் கட்டிதான். முதலில் பசையாக இருந்தது, பிறகு எண்ணெயாக மாறியது எப்படி? ஃப்ரீசரின் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். அவ்வளவு குளிர்ந்த கட்டியைத் தொட்டதும் உங்கள் விரலில் இருந்த ஈரம் உறைந்து, விரலையும் கட்டியையும் ஒட்டவைத்தது. மூன்று நிமிடத்துக்குப் பிறகு கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் வந்துவிட்டது. அதனால் வழுக்கியது.

வருடம் முழுவதும் 30 டிகிரியில் வாழும் நமக்கு இது சமையலறை வேடிக்கை. மைனஸ் 40, மைனஸ் 50 டிகிரியில் பனிமேல் பயணம் செய்கிறவர்களுக்கோ இதே நீர்ப்படலம் உயிர்ப் பிரச்சினை. அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. இருக்கக் கூடாத இடத்தில் வந்து சேரும்.

சறுக்குவது எப்படி?

பனிச்சறுக்கு வீரர் மலைச்சரிவில் ஏன் வழுக்கிச் செல்கிறார் என்று கேட்டால், பலர் சொல்லும் பதில் ஒன்று உண்டு. 'அவருடைய எடை பனியை அழுத்துகிறது, அழுத்தம் கூடினால் பனி உருகும், உருகிய நீரில் அவர் வழுக்குகிறார்.' சில பழைய பாடநூல்களிலும் இதுதான் இருக்கிறது. அழுத்தம் கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை குறையும் என்பது உண்மையே. எவ்வளவு குறையும் என்பதில்தான் சிக்கல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடினால் உருகுநிலை சுமார் 0.0074 டிகிரி குறையும். உங்கள் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 160 செ.மீ. நீளமும் 8 செ.மீ. அகலமும் கொண்ட இரண்டு சறுக்குப் பலகைகள்மேல் நிற்கிறீர்கள். எடை அவ்வளவு பரப்பில் பரவுவதால், பனிமேல் நீங்கள் தரும் கூடுதல் அழுத்தம் ஒரு வளிமண்டலத்தில் நாற்பதில் ஒரு பங்குதான். உருகுநிலை குறைவது ஒரு டிகிரியில் ஐயாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! மைனஸ் 10 டிகிரியில் கிடக்கும் பனியை இது என்ன செய்துவிடும்?

பிறகு நீர் எங்கிருந்து வருகிறது? உராய்விலிருந்து. உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடு வருவதுபோல், ஓடும் பலகைக்கும் பனித்துகள்களுக்கும் இடையே வெப்பம் உண்டாகிறது. துகள்களின் உச்சிகள் மட்டும் கண நேரம் உருகுகின்றன. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பௌடன், ஹியூஸ் என்ற இருவர் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் மலைக் கணவாயில் சோதனைகள் செய்து, 1939ஆம் ஆண்டில் இந்த விளக்கத்தை வெளியிட்டார்கள். பனிக்கட்டியின் மேற்புற மூலக்கூறுகள் உருகாத நிலையிலும் ஓரளவு தளர்வாக இருப்பவை என்பது பின்னர் தெரியவந்தது. எதற்கு எவ்வளவு பங்கு என்று அறிவியலாளர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஐஸ் கட்டி ஏன் வழுக்குகிறது என்ற எளிய கேள்விக்கு இன்னும் முழுப் பதில் இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நீங்கள் வளர்ந்து ஆராய்வதற்கு ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமல்லவா?

எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும் ஒரு விஷயம் மாறாது. குளிர் கூடக்கூட வழுக்கல் குறையும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், எஃகுப் பந்து ஒன்றைப் பனிக்கட்டிமேல் நகர்த்தி அளந்தபோது, மைனஸ் 7 டிகிரியை ஒட்டி உராய்வு மிகக் குறைவாக இருந்தது. அதற்குக் கீழே குளிர்ந்தால் உராய்வு ஏறிக்கொண்டே போனது. கடுங்குளிரில் உராய்வு தரும் சொற்ப வெப்பம் பனியை உருக்கப் போதாது. உலர்ந்த, கூரிய பனித்துகள்கள் மணல்போல் கிடக்கும். செருப்பில்லாமல் கடற்கரை மணலில் ஒரு மரப்பெட்டியை இழுத்துச் செல்வதைக் கற்பனை செய்யுங்கள்.

மூன்று முட்டைகளுக்காக

அப்படி இழுத்துச் சென்றவர்கள் மூவர். 1911ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி, அண்டார்க்டிகாவில் கேப்டன் ஸ்காட்டின் குழு தங்கியிருந்த எவன்ஸ் முனையிலிருந்து வில்சன், பவர்ஸ், செர்ரி-கராட் ஆகியோர் புறப்பட்டார்கள். சுமார் 100 கி.மீ. தொலைவில் இருந்த குரோசியர் முனையில் பேரரசப் பெங்குவின்கள் முட்டையிடும். முட்டைக்குள் வளரும் கருவை ஆராய்ந்தால், ஊர்வனவற்றின் செதிலுக்கும் பறவையின் இறகுக்கும் உள்ள தொடர்பு விளங்கும் என்று வில்சன் நம்பினார். ஆனால் அந்தப் பறவை முட்டையிடுவது நடுக் குளிர்காலத்தில். அங்கே அப்போது சூரியனே உதிக்காது.

சக்கரமில்லாத இரண்டு ஸ்லெட்ஜ் வண்டிகளில் 340 கிலோவுக்கு மேல் சுமை. நல்ல பனியில் மூவர் அதை இழுத்துவிடலாம். மணலாகிப்போன பனியில் இரண்டையும் சேர்த்து இழுக்க முடியவில்லை. ஒரு வண்டியைக் கொஞ்ச தூரம் இழுத்துப்போய் விட்டுவிட்டு, இருட்டில் திரும்பி வந்து, அடுத்ததை இழுத்தார்கள். ஒரு கி.மீ. முன்னேற மூன்று கி.மீ. நடக்க வேண்டும். போய்ச் சேர 19 நாள் ஆயிற்று. வழியில் அவர்கள் அளந்த மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே.

சறுக்க உதவும் நீர் காலடியில் கிடைக்கவில்லை. ஆனால் வேண்டாத நீர் அவர்களுடைய உடையில் சேர்ந்துகொண்டிருந்தது. கனமான வண்டியை இழுத்தால் வியர்க்கும். மைனஸ் 50 டிகிரியிலும் வியர்க்கும். அந்த வியர்வை ஆவியாகி வெளியேறுவதற்குள் துணியிலேயே உறைந்துவிடும். ஒருநாள் காலை கூடாரத்தைவிட்டு வெளியே வந்த செர்ரி-கராட், தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தார். சில நொடிகளில் உடை அப்படியே இறுகிவிட்டது. தலையைக் குனிய முடியாமல் நான்கு மணி நேரம் வண்டி இழுத்தார். அதன்பிறகு, உடை உறைவதற்கு முன்பே இழுக்கும் நிலையில் குனிந்து நின்றுகொள்வது மூவருக்கும் வழக்கமாகிவிட்டது.

இரவில் இன்னும் மோசம். மூச்சிலும் வியர்வையிலும் இருந்த நீர் தூங்கும் பைக்குள் தங்கியது. பகலில் அது பனிக்கட்டியானது. இரவில் உடல் சூட்டில் உருகி அவர்களை நனைத்தது. புறப்பட்டபோது சுமார் 8 கிலோ இருந்த செர்ரி-கராட்டின் பை, திரும்பி வந்தபோது 20 கிலோ. அந்த 12 கிலோவும் அவருடைய உடலிலிருந்து வெளியேறிய நீர்தான்.

ஆகஸ்ட் 1ஆம் தேதி மூவரும் உயிரோடு திரும்பினார்கள். உறைந்த உடைகளைக் கழற்ற முடியாமல் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. எடுத்த ஐந்து முட்டைகளில் இரண்டு உடைந்துபோக, மூன்று மிஞ்சின.

வடக்கே வாழ்ந்தவர்களின் அறிவு

இதற்கெல்லாம் விடை கண்டுபிடித்தவர்கள் ஏற்கெனவே பூமியின் மறுமுனையில் இருந்தார்கள். ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் தங்கள் வண்டிகளின் அடிக்கட்டைகளில் ஈரமான பாசியும் மண்ணும் கலந்த கலவையைப் பூசி உறையவிட்டு, அதன்மேல் மெல்லிய பனிக்கட்டிப் பூச்சு கொடுப்பார்கள். பார்ப்பதற்கு வினோதமாகத் தோன்றும். ஆனால் அதில் இயற்பியல் இருக்கிறது. உலோகம் நல்ல வெப்பக் கடத்தி. உராய்வில் உண்டாகும் சிறிதளவு வெப்பத்தையும் உறிஞ்சி எடுத்துப் போய்விடும். பனிக்கட்டி உலோகத்தைப்போல் வெப்பத்தைக் கடத்தாது. வெப்பம் தேவைப்படும் இடத்திலேயே தங்கும். இன்றைய சறுக்குப் பலகைகளின் அடிப்பகுதி பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கால் செய்யப்படுவதற்கும் இது ஒரு காரணம். நீரை ஒட்டவிடாத தன்மையும் அதற்கு உண்டு. பலகையில் தேய்க்கும் மெழுகிலும் வகைகள் இருக்கின்றன. குளிர் கூடினால் பனித்துகள் கடினமாகி மெழுகுக்குள் குத்திக்கொள்ளும் என்பதால், கடுங்குளிருக்குக் கடினமான மெழுகு.

நார்வேயின் ஆமுண்ட்சென் 1903 முதல் ஈராண்டு கனடாவின் வடகோடியில் தங்கி, நெட்சிலிக் இனுயிட் மக்களிடம் பாடம் கற்றார். அவர்களின் கலைமான் தோல் உடைகள் தளர்வானவை. உள்ளே காற்று உலவும், வியர்வை தேங்காது. வியர்க்கும் வேகத்தில் வேலை செய்யக் கூடாது என்பதும் அங்கே கற்கக்கூடிய பாடம்தான்.

அவரும் தவறு செய்தார். ஸ்காட்டை முந்திவிட வேண்டும் என்ற அவசரத்தில் 1911 செப்டம்பர் 8ஆம் தேதியே தென் துருவத்துக்குக் கிளம்பினார். மைனஸ் 56 டிகிரி. திசைகாட்டியின் திரவம் உறைந்தது, நாய்களின் பாதங்கள் புண்ணாயின, சிலருக்குக் கால் விறைத்துப்போனது. பனிச்சறுக்கிலேயே பிறந்து வளர்ந்தவர்களான அந்த நார்வேக்காரர்கள், ஒரு வாரத்தில் முகாமுக்குத் திரும்பிவிட்டார்கள். அக்டோபரில் மறுபடி கிளம்பி, டிசம்பர் 14ஆம் தேதி துருவத்தை அடைந்தார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பயணத்தில் அவர் எடுத்த மிகச் சிறந்த முடிவு செப்டம்பரில் திரும்பியதுதான்.

நீங்கள் போகும்போது

ஆண்டிறுதி விடுமுறையில் ஹொக்கைடோவுக்கோ கொரியாவுக்கோ பனிச்சறுக்கப் போகும் குடும்பங்கள் இப்போது நம்மிடையே இருக்கின்றன. அங்கே மைனஸ் 60 இருக்காது. ஆனாலும் நீர் அதே வேலையைத்தான் செய்யும். முதல் நாள் நீங்கள் ஐம்பது தடவை விழுவீர்கள். ஜீன்ஸ் போட்டிருந்தால் பருத்தித் துணி உருகிய பனியை உறிஞ்சி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால்தான் உள்ளே வியர்வையை வெளித்தள்ளும் கம்பளி அல்லது செயற்கை இழைத் துணி, நடுவில் காற்றைப் பிடித்துவைக்கும் தடித்த உடை, வெளியே காற்றும் பனியும் புகாத மேலங்கி என்று அடுக்கி அணியச் சொல்கிறார்கள். உடம்பு சூடாகி வியர்க்கப் போகிறது என்று தோன்றினால் ஓர் அடுக்கைக் கழற்றிவிடுங்கள். குளிரில் சட்டையைக் கழற்றுவது அம்மாவுக்குப் பிடிக்காதுதான்; விளக்கிச் சொல்லுங்கள்.

நிறையத் தண்ணீரும் குடியுங்கள். மைனஸ் 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றில் அரை கிராம் நீராவிகூடத் தங்காது. நுரையீரலுக்குள் அதே அளவு காற்று 44 கிராம் நீராவியோடு இருக்க வேண்டும். அந்த வேறுபாட்டை ஒவ்வொரு மூச்சிலும் உங்கள் உடல் தன் நீரைக் கொண்டு நிரப்புகிறது. மூச்சுக்குழாய்களும் இதனால் உலர்ந்து புண்படுகின்றன. நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீரர்களிடம் ஆஸ்துமா அதிகமாகக் காணப்படுவதும், வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போனால் அனைத்துலகப் போட்டிகள் தள்ளிவைக்கப்படுவதும் அல்லது ரத்தாவதும் இதனோடு தொடர்புடையவை. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் குளிரும் காற்றும் கடுமையாக இருந்ததால், 50 கி.மீ. போட்டி சுமார் 30 கி.மீ. ஆகக் குறைக்கப்பட்டது.

விரல், மூக்கு, காது நுனிகள் மரத்து வெளிறிப்போனால் உடனே கதகதப்பான இடத்துக்குச் செல்லுங்கள். உடல் தன் நடுப்பகுதியின் சூட்டைக் காப்பாற்ற, நுனிகளுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடும். பிறகு அங்குள்ள திசுவின் நீரே உறையும். பனிக்கடி என்பது இதுதான். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது அதைவிடத் தவறு, திசுக்கள் கிழியும்.

மார்ச் 1912

ஸ்காட், வில்சன், பவர்ஸ் உட்பட ஐவர் 1912 ஜனவரி 17ஆம் தேதி தென் துருவத்தை அடைந்தபோது, அங்கே ஆமுண்ட்சென் விட்டுச் சென்ற கூடாரம் நின்றது. திரும்பும் வழியில் இருவர் இறந்தார்கள். மார்ச் மாதம், மிச்சமிருந்த தட்டையான பனிவெளியில் வேகமாக நடந்துவிடலாம் என்பது கணக்கு. ஆனால் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரியை ஒட்டி இறங்கியது. வண்டி மறுபடியும் மணலில் சிக்கியதுபோல் நின்றது.

ஓசோன் ஓட்டைக்கான காரணத்தை விளக்கிய ஆய்வாளர்களுள் ஒருவரான சூசன் சாலமன், அவர்களின் குறிப்பேட்டு அளவுகளை இக்காலத் தானியங்கி வானிலை நிலையங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டார். அந்த மார்ச் வழக்கத்தைவிட மிகவும் குளிர்ந்தது என்றும், உருகாத பனியில் வண்டி வழுக்க மறுத்தது அவர்களை முடக்கியது என்றும் 2001இல் எழுதிய நூலில் அவர் வாதிட்டார். பசியும் பனிக்கடியும் எரிபொருள் குறைவும் சேர்ந்துகொண்டன. கடைசிக் கூடாரத்துக்கும் உணவுக் கிடங்குக்கும் இடையே இருந்த தூரம் 18 கி.மீ. நம் ஊர்ச் சாலையில் நான்கு மணி நேர நடை.

அந்தக் கிடங்கில் மார்ச் 10ஆம் தேதிவரை நாய் வண்டிகளோடு அவர்களுக்காகக் காத்திருந்தவர் செர்ரி-கராட். நவம்பரில் கூடாரத்தைக் கண்டெடுத்த தேடல் குழுவிலும் அவர் இருந்தார். மூன்று பெங்குவின் முட்டைகளை 1913இல் லண்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் சென்று கொடுத்தவரும் அவரே. அவை இன்றும் அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன.