படிக்கப் போன நாடே மாறினால்?

எங்கள் வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் அவர் கேட்டார்:

"தம்பி, என் மகள் டாக்டருக்குப் படிக்க ருஷ்யா போகணும் என்கிறாள். நகையை அடகு வைக்கலாமா?"

நல்ல கேள்வி. பதிலுக்கு முன் ஒரு பழைய செய்தியைத் தெரிந்துகொள்வோம்.

கொல்கத்தாவில் கோர்க்கி சதன் இருக்கிறது. அது ருஷ்யக் கலாசார நிலையம். ருஷ்யாவோடு வங்காளத்துக்கு நெடுநாள் உறவு உண்டு. 1930-இல் கவிஞர் தாகூர் அங்கே போனார். உழவர்களும் தொழிலாளர்களும் எழுத்துக் கற்பதைக் கண்டு வியந்தார்.

அப்போது ருஷ்யா சோவியத் யூனியனில் ஒரு பகுதி. 1960-இல் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். நம் நாட்டுப் பிள்ளைகளும் அங்கே போய்ப் படித்தார்கள். உதவித்தொகை பெற்றவர்களுக்குப் படிப்புச் செலவு இல்லை. முதலில் ருஷ்ய மொழி, பிறகு பாடம்.

1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. ஒரு நாடு 15 நாடுகள் ஆனது. லெனின்கிராட் நகரத்தின் பெயரும் அந்த ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று மாறியது. உக்ரைனில் படித்த பிள்ளைகள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஆனாலும் வேறு நாட்டில் இருந்தார்கள்!

அதுவரை அங்கே பொருள்களின் விலையை அரசே முடிவு செய்தது. நம் ரேஷன் கடையைப் போல. 1992 ஜனவரி 2-ஆம் தேதி பெரும்பாலான பொருள்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அந்த ஒரே ஆண்டில் விலைவாசி ஏறத்தாழ 26 மடங்கு ஆனது. 10 ரூபாய்ப் பொருள் 260 ரூபாய்க்கு விற்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான். ரூபிளில் வாங்கிய உதவித்தொகை எந்த மூலைக்கு? பல கல்லூரிகள் டாலரில் கட்டணம் கேட்கத் தொடங்கின.

மாற்றம் அதோடு நிற்கவில்லை. 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. அங்கிருந்து சுமார் 22,500 இந்தியர்கள் திரும்பினார்கள். பெரும்பாலோர் மாணவர்கள். பாதிப் படிப்போடு வந்தவர்கள் பலர்.

அப்படியானால் போகக் கூடாதா? போகலாம். ஆனால் பணம் கட்டும் முன் கேளுங்கள்:

1. அந்தக் கல்லூரியின் பட்டம் இந்தியாவில் செல்லுமா?

2. கட்டணம் எந்த நாட்டுப் பணத்தில்? அதன் மதிப்பு ஏறினால் நமக்குக் கூடுதல் ரூபாய் ஆகும்.

3. எந்த மொழியில் பாடம்? நோயாளியோடு பேச அந்த ஊர் மொழி வேண்டும்.

4. படிப்பு நடுவில் நின்றால் என்ன வழி? பணம் திரும்ப வருமா?

ஒன்றை மறக்காதீர்கள். டாக்டருக்குப் படிக்கப் போகும் முன் நீட் தேர்வில் தேற வேண்டும். ருஷ்யாவில் படித்துத் திரும்பினால், இங்கே வைத்தியம் பார்க்க இன்னொரு தகுதித் தேர்விலும் தேற வேண்டும். இது 2002 முதல் நடக்கிறது.

அக்கா இந்த நான்கு கேள்விகளையும் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். ஏஜெண்டிடம் போகும்போது அந்தக் காகிதத்தையும் எடுத்துப் போகிறார். பதில் வரும்வரை நகை பெட்டியிலேயே இருக்கும்.

நீங்கள் அந்த அக்காவாக இருந்தால், ஐந்தாவதாக என்ன கேட்பீர்கள்? எழுதிப் பாருங்கள்.