கூழாங்கல்லே எமன்! ஆக்ஸோலோட்டலுக்கு ஏற்ற வீடு

மெக்ஸிகோவின் பழங்குடிகளான அஸ்டெக் மக்களிடையே ஒரு கதை வழங்கி வந்தது. சூரியன் வானில் நகர வேண்டுமானால் தேவர்கள் யாவரும் உயிர்ப்பலியாக வேண்டும் என்று ஏற்பட்டதாம். ஷோலோட்டல் என்னும் தேவன் மட்டும் ஓட்டம் பிடித்தான். சோளக்கொல்லையில் ஒளிந்தான், ஆனைக்கற்றாழையாக மாறி நின்றான், கடைசியில் தண்ணீரில் குதித்து ஒரு பிராணியானான். அங்கேதான் அகப்பட்டான். அந்தப் பிராணியின் பெயர்தான் ஆக்ஸோலோட்டல்.

கதை எப்படியாயினும், ஒளிந்து கொள்ளும் சுபாவம் இந்தப் பிராணிக்கு இன்றும் உண்டு. இது மீன் அல்ல. தவளைக்கு உறவான ஸாலமாண்டர் வகை. சுமார் 9 முதல் 12 அங்குல நீளம் வளரும். தலையின் இருபுறமும் மும்மூன்று செவுள்கள், இறகுகளைப் போல வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். கால் துண்டானாலும் மறுபடி முளைத்துவிடும்! 1864-ல் 34 ஆக்ஸோலோட்டல்கள் பாரிஸ் நகருக்கு வந்து சேர்ந்தன. ஆராய்ச்சிசாலைகளில் பெருகிய இந்த இனத்தை இன்று பல நாடுகளில் கண்ணாடித் தொட்டியில் ஆசையோடு வளர்க்கிறார்கள்.

ஆனால், வெட்டுண்ட காலை வளர்த்துக் கொள்ளும் இந்தப் பிராணியை ஒரு சிறு கூழாங்கல் கொன்றுவிடக் கூடும். ஏன் தெரியுமா? இதற்குக் கண்பார்வை மந்தம். வாயருகே ஏதேனும் அசைந்தால் 'டக்'கென்று வாயைத் திறந்து, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். மென்று தின்னும் வழக்கம் கிடையாது. புழுவோடு கல்லும் உள்ளே போனால் குடல் அடைத்துக் கொள்ளும். அழகுக்காகப் பரப்பிய வர்ணக் கற்களே எமனாக வந்து முடியும்.

ஆகவே ஒரு விதியை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். தொட்டியில் போடும் பொருள் ஒன்று மிக நைசான மணலாக இருக்க வேண்டும். இல்லையேல் பிராணியின் தலையைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்டது எதுவும் கூடாது. குட்டிகளுக்கு மணலும் வேண்டாம். வெறும் கண்ணாடித் தரையே போதும்.

அடுத்தது ஒளிவிடம். இதற்குக் கண்ணிமை கிடையாது. வெளிச்சம் கூசினால் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. இருட்டைத் தேடித்தான் போக வேண்டும். இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. வர்ணம் பூசாத மண் பூந்தொட்டியைப் படுக்க வைத்தால் அருமையான குகை. அகலமான பிளாஸ்டிக் குழாய்த் துண்டும் நல்லது. இரு பக்கமும் திறந்திருப்பதால் உள்ளே மாட்டிக்கொள்ளாது. வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். தலை மட்டும் நுழைந்து உடல் நுழையாத துவாரமுள்ள பொம்மைகளை ஒதுக்கிவிடுங்கள். இரண்டு பிராணிகள் இருந்தால் ஒளிவிடமும் இரண்டுக்குக் குறையக் கூடாது.

எந்தப் பொருளையும் தொட்டியில் இறக்குமுன் மெல்லிய பட்டுத் துணியை அதன்மேல் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால், மிருதுவான செவுளும் மாட்டிக் கிழியும் என்று அர்த்தம். விறைப்பான பிளாஸ்டிக் செடிகளைவிட, குறைந்த வெளிச்சத்திலும் வளரும் ஜாவா பாசி, அனுபியாஸ் போன்ற உயிர்ச்செடிகள் மேல். செம்புச் சாமான் தொட்டிக்குள் வரவே கூடாது. அது நீரில் கரைந்தால் விஷம். கல்மேல் கல்லாக அடுக்குவதும் ஆபத்து. சரிந்தால் பிராணி நசுங்கும். பொருள்களைச் சோப்புப் போடாமல் வெந்நீரில் கழுவுங்கள். நன்றாக ஆறிய பிறகே உள்ளே வையுங்கள். தொட்டி நீரின் உஷ்ணம் 16 முதல் 18 டிகிரி ஸெண்டிகிரேட் இருப்பது நலம்.

இதன் தாயகமான ஷோசிமில்கோ கால்வாய்களில் 1998-ல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 ஆக்ஸோலோட்டல்கள் இருந்தன. 2014-ல் அது 36-ஆகச் சுருங்கிவிட்டது. அசுத்த நீரும், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட கெண்டை, திலாப்பியா மீன்களுமே முக்கிய காரணம். 2021-ல் மெக்ஸிகோ தனது 50 பெஸோ நோட்டில் இதன் படத்தைப் பொறித்தது. அங்குள்ள தேசியப் பல்கலைக் கழகத்தினரும் விவசாயிகளும் சேர்ந்து, கால்வாய்களின் முனையில் தடுப்பு வைத்து, மீன் நுழையாத புகலிடங்களை அமைத்து வருகிறார்கள்.

கால்வாயானாலும் கண்ணாடித் தொட்டியானாலும் இந்தப் பிராணி கேட்பது ஒன்றுதான்: அபாயமில்லாத ஓர் இருட்டு மூலை. தொட்டியின் அலங்காரம் நம் கண்ணுக்கு. குகையோ அதன் உயிருக்கு. முதலில் குகையை வையுங்கள். அலங்காரத்தைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.